ஊற்றடியில் குடியேறிய பிள்ளையார்

மருதமரத்துக் கொப்பில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டியிருந்தார்கள். அதன் வாய் நேரே என் காதைப் பார்த்திருந்தது. நான் இடுப்பில் வெறுங்குடத்தோடு நின்றேன். எனக்கு முன்னால் சனம் நெருக்கியடித்துக்கொண்டு, மிகுந்த பக்தியோடு கால் கழுவிக்கொண்டிருந்தது. கழுவியது எங்கள் குடிதண்ணீரில்.

கால் கழுவியவர்களுக்குப் பக்கத்தில் ஒரு பெண் பொங்கல் அரிசி களைந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒருவர் வாய் கொப்பளித்தார். அபிஷேகப் பால், இளநீர், கற்பூரக் கரி எல்லாம் மணலில் கோடு போட்டு வழிந்து ஊற்றுக்குள்ளேயே திரும்பி வந்தன. தண்ணீர் வெளுத்துப் போயிருந்தது. அதைப் பார்த்து ஒருவர் கைகூப்பி, "பால் ஊத்து! பால் ஊத்து!" என்று கண்கலங்கினார்.

"தள்ளி நில் பிள்ளை. சாமி கும்பிடக் குடத்தோடயே வாறது?" என்று இன்னொருவர் என்னை அதட்டினார்.

தள்ளி நின்றேன். நாலு பேருக்கு முன்னால் எனக்கு வாய் வராது. வந்திருந்தால் ஒன்று சொல்லியிருப்பேன். அந்தப் பிள்ளையாரை அந்த இடத்தில் கொண்டுவந்து வைத்ததே நானும் பக்கத்து வீட்டு லெச்சுமி அக்காவும்தான். பட்டப்பகலில், என் சும்மாட்டுத் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்து வைத்தோம்.

பக்திக்காக வைக்கவில்லை. எருமைகளுக்காக வைத்தோம்.

சேலை மாற்றுவது போல

நாங்கள் தேயிலைத் தோட்டத்துச் சனம் என்றும், கலவரத்துக்குப் பிறகு மலையிலிருந்து லொறியில் வந்து இறங்கினோம் என்றும் போன கிழமை எழுதியிருந்தேன். இறங்கிய இடம் செட்டிகுளம் பக்கத்தில், காட்டுக்குள் ஒரு சின்னக் குளம். குளத்துக்குக் கீழே வயல். அது யாழ்ப்பாணத்திலிருந்து எங்களுக்கு முன்னமே வந்து குடியேறியவர்களுடையது. குளத்துக்கு மேலே காடு. அது யாருக்கும் வேண்டாத இடம். ஆகவே தாராள மனத்தோடு எங்களுக்கு விட்டுத்தந்தார்கள்.

குளத்துத் தண்ணீரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊர் முழுக்க அதில்தான் குளித்தது, அதில்தான் உடுப்புத் தோய்த்தது. நெல்லுக்கு மருந்தடிக்கும் கலனை அதில்தான் அலசியது. பிறகு அதிலேயே ஒரு குடம் அள்ளி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டிக் குடித்தது. வடித்தால் சுத்தமாம். அந்த வேட்டியும் அந்தக் குளத்தில்தான் தோய்த்த வேட்டி.

கொதிக்க வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். வைத்தேன். சேற்றைக் கொதிக்கவைத்தால் சுடுசேறு வரும்.

எனக்கு ஒரே பிள்ளை, புஷ்பம். அவளுக்கு அப்போது பால்பல் விழாத வயது. வயிற்றோட்டம் வந்து கண் இரண்டும் குழிக்குள் போய்விட்டன. தோளில் போட்டால் நனைந்த துணி மாதிரிக் கிடந்தாள். வவுனியா ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றி உயிரைத் திருப்பித் தந்தார்கள். வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டும்போது நேர்ஸ் அம்மா சொன்னார்:

"இன்னொருக்கா இப்பிடி வந்தால் பிள்ளை தாங்காது அம்மா. தண்ணிய மாத்துங்கோ."

சேலை மாற்றுவது போலச் சொன்னார். ஆனால் அவர் சொன்னது உண்மை. அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. புஷ்பத்துக்கு நல்ல தண்ணீர். அவ்வளவுதான்.

லெச்சுமி அக்காதான் ஊற்றைக் கண்டுபிடித்தார். குளத்துக்கு வந்து விழும் ஓடையில், மருதமரத்தடியில், மணலைச் சிரட்டையால் தோண்டினார். கலங்கி, தெளிந்து, கண்ணாடி மாதிரி ஊறியது. இரண்டு பேரும் சிரட்டையால் மாறி மாறிக் குடித்துவிட்டுச் சிரித்தோம்.

எங்கள் சிரிப்பு எருமைகளுக்குக் கேட்டிருக்கவேண்டும். மறுநாள் போனால் ஊற்றுக்குள் ஒன்று படுத்திருந்தது.

பேசாத ஒருத்தி தேவை

அந்த நாளில்தான் ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து கண்ணாடி போட்ட ஓர் ஐயா இறங்கினார். மேலே காடு அழிந்தால் ஓடை சாகும், ஓடை செத்தால் குளம் சாகும், தண்ணீரை ஊரே காக்கவேண்டும் என்று அழகாகப் பேசினார். பேசி முடித்துவிட்டுத் தன் போத்தல் தண்ணீரைக் குடித்தார்.

சங்கம் அமைத்தார்கள். 'நீரேந்துப் பிரதேசப் பாதுகாப்புச் சங்கம்'. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் தாகம் எடுக்கும். தலைவராக ஒருமனதாகத் தெரிவானவர் ஊரிலே அதிக வயல் வைத்திருந்த பெரிய கமக்காரர். ஊற்றில் படுத்திருந்த எருமையும் அதன் சுற்றத்தாரும் அவருடையவை.

"சங்கத்தில கட்டாயம் ஒரு பொம்பிளை இருக்கவேணும்" என்றார் ஜீப் ஐயா.

லெச்சுமி அக்கா கையைத் தூக்கினார். கூட்டம் மரத்தைப் பார்த்தது, மேகத்தைப் பார்த்தது.

"லெச்சுமி வேண்டாம் ஐயா" என்றார் தலைவர். "அவா கதைக்கத் தொடங்கினால் கூட்டம் விடியுமட்டும் போகும். உங்கை மூலையில இருக்கிற பிள்ளையைப் போடுவம். நல்ல அடக்கம். ஒரு கதை இல்லை."

இப்படித்தான் நான் பெண் பிரதிநிதி ஆனேன். வேலை, தேத்தண்ணி வைப்பது.

சங்கம் தீர்மானங்களாக நிறைவேற்றித் தள்ளியது. ஓடைக் கரையில் மரம் தறிக்கக் கூடாது. கால்நடை இறக்கக் கூடாது. மருந்துக் கலன் கழுவக் கூடாது. எல்லாவற்றையும் ஒரு பலகையில் எழுதி ஓடைக்கரையில் நட்டார்கள். நல்ல உறுதியான கட்டை. தலைவர் தன் எருமைக் கன்றை அதில்தான் கட்டுவார்.

ஒரு கூட்டத்தில் எழுந்து நின்றேன். எருமைகளைப் பற்றிச் சொல்லிவிடுவதென்று வீட்டிலிருந்தே மனப்பாடம் பண்ணி வந்திருந்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்திலிருந்த தேத்தண்ணிக் கேத்தலைக் கையில் எடுத்தேன்.

"என்ன பிள்ளை, தேத்தண்ணி முடிஞ்சுதோ?" என்று கேட்டார் தலைவர்.

ஓம் என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தேன். சங்கத்தில் நான் ஆற்றிய உரை அது ஒன்றுதான்.

சும்மாட்டில் வந்தவர்

மலையில் இருந்தபோது துரை பங்களாவுக்குப் போகும் தண்ணீருக்கு ஒரு காவல்காரன் இருந்தான். எங்கள் லயத்து வீடுகளுக்குப் பீலிக் குழாயில் வரும் தண்ணீருக்குக் காவல் கிடையாது. தண்ணீர் புறப்படும் இடத்தில் ஒரு கல், அதில் கொஞ்சம் மஞ்சள். அது முனியாண்டி. பங்களாத் தண்ணீரில் பையன்கள் இறங்கிக் கும்மாளம் போடுவார்கள், காவல்காரன் தூங்கும் நேரம் பார்த்து. பீலி மூலத்தில் ஒருத்தனும் காலை வைக்கமாட்டான். முனியாண்டி தூங்குவதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

இந்தக் கதையை ஒருநாள் விறகு பொறுக்கும்போது லெச்சுமி அக்காவிடம் சொன்னேன். அவர் விறகைக் கீழே போட்டார்.

"ஏண்டி, இந்த ஊரு ஆம்பளைங்க காட்டுக்குள்ள போறப்ப என்னா செய்றாங்க பாத்தியா?"

பார்த்திருக்கிறேன். வன்னியில் யாரும் சும்மா காட்டுக்குள் இறங்கமாட்டார்கள். ஒரு கொப்பை முறித்து, பாதையோரப் பிள்ளையாருக்கு முறியாகத் தொங்கவிட்டுத்தான் இறங்குவார்கள். தேன் எடுப்பவனும் செய்வான், வண்டிக்காரனும் செய்வான். சங்கத் தீர்மானத்தை வெற்றிலை எச்சில் போலத் துப்பும் மனிதர்கள், முறிக்கு முன்னால் செருப்பைக் கழற்றுவார்கள்.

"அப்ப நம்மளும் ஒரு ஆள வெப்போம்" என்றார் லெச்சுமி அக்கா.

ஓடைக்குள்ளேயே தேடினோம். தொந்தி வைத்த மாதிரி ஒரு கல் கிடைத்தது.

"தும்பிக்கையக் காணோமே அக்கா?"

"அத சனமே பாத்துக்கும்."

ஊற்றுக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு பாலைக் கொப்பை முறித்துத் தொங்கவிட்டுவிட்டு வந்தோம். மறுநாள் பின்னேரம் அந்தக் கொப்புக்குத் துணையாக வேறு கொப்புகள் தொங்கின. இரண்டொரு நாளில் தலைவர் எருமைகளைச் சாய்த்து ஓட்டிக்கொண்டு வந்தார். கல்லைக் கண்டார். செருப்பைக் கழற்றினார், தலையில் குட்டிக்கொண்டார், எருமைகளை அடித்துத் திருப்பிக்கொண்டு போனார். நான் பற்றைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். தீர்மானமும் வேண்டியிருக்கவில்லை, பலகையும் வேண்டியிருக்கவில்லை.

அடுத்த மழை வரைக்கும் எங்களுக்கு நல்ல காலம். ஊற்றில் வானம் தெரியும். புஷ்பத்துக்குக் கன்னம் வைத்தது. ஓடத் தொடங்கினாள். பேசத் தொடங்கினாள். பேச்சில் அவள் என்னைப் போல இல்லை, லெச்சுமி அக்காவைப் போல இருந்தாள்.

சுயம்பு

பிறகு தலைவர் கனவு கண்டார்.

"ராத்திரி பிள்ளையார் வந்தவர்" என்று கூட்டத்தில் சொன்னார். "'ஊத்தடியில மழையில நனைஞ்சுகொண்டு கிடக்கிறன், நீ ஓட்டு வீட்டுக்குள்ள படுத்திருக்கிறாய்' எண்டு கேட்டவர். அது ஆரும் வைச்ச கல்லில்லை. நிலத்தைப் பிளந்துகொண்டு வந்த கல். சுயம்பு!"

நான் தேத்தண்ணிக் கேத்தலோடு நின்றேன். லெச்சுமி அக்கா வெளியே வேலியோரம் நின்றபடி கேட்டார்:

"எந்தப் பக்கத்தால வந்தாருங்க ஐயா?"

"கிழக்கால."

"நாங்க தூக்கிட்டு வந்தது மேக்காலங்க. இவ சும்மாட்டுலதான் கட்டித் தூக்கினோம்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "லெச்சுமிக்கு எப்பவும் பகிடிதான்" என்றார் தலைவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. எங்கள் கல்லின் வரலாற்றை எங்களுக்கே விளக்கி முடித்துவிட்டு இன்னொரு தேத்தண்ணி கேட்டார்.

பாதுகாப்புச் சங்கம் அன்றே கோயில் சபையாக மாறியது. தலைவர் அதே தலைவர். செயலாளர் அதே செயலாளர். பெண் பிரதிநிதி மட்டும் வேண்டாமாம், கோயில் காரியமாம். தேத்தண்ணிக்கு வந்தால் போதுமாம். கும்பிட வெளி வேண்டுமென்று ஓடைக்கரை மரங்களைத் தறித்தார்கள். தறிக்கக் கூடாது என்று எழுதிய பலகையைப் பிடுங்கி, அருச்சனைத் தட்டு வைக்க மேசையாகப் போட்டார்கள். பிள்ளையாருக்குச் சீமெந்துப் பீடம், கிடுகுக் கொட்டில், பக்கத்தில் ஒரு தேநீர்க் கடை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய்வந்த சனம் அங்கே கண்டதையெல்லாம் இங்கேயும் செய்து பார்க்க ஆசைப்பட்டது. ஒலிபெருக்கியும் வந்தது.

நான் வெறுங்குடத்தோடு நின்றது அந்தப் பொங்கலன்று. சனம் கலைந்த பிறகு, மேலால் தெளிந்ததை அள்ளிக்கொண்டு வந்து கொதிக்கவைத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

அந்தக் கிழமையே புஷ்பம் வயிற்றோட்டத்தில் விழுந்துவிட்டாள். பழையபடி வவுனியா பஸ், பழையபடி சேலைன், அதே நேர்ஸ் அம்மா.

"தண்ணிய மாத்தச் சொன்னனான் எல்லே?"

மாற்றினேன் அம்மா, பிறகு அதில் கடவுள் வந்து குடியேறிவிட்டார் என்று எப்படிச் சொல்வது? 

பேய்க்கும் ஒரு கிளாஸ்

வீட்டுக்கு வந்தபோது லெச்சுமி அக்கா வேலிப் படலையில் நின்றார். முழங்கால் வரைக்கும் சேறு. ஓடை வழியே மேலே போய், அடர்ந்த காட்டுக்குள் இன்னோர் ஊற்றுத் தோண்டிவிட்டு வந்திருந்தார்.

"இந்த வாட்டி சாமி வேணாம்டி" என்றார். "சாமிய வெச்சா சனம் வரும்."

"அப்ப என்னாத்த வெக்கிறது?"

"சனம் வராத ஒண்ண."

நோயோ பேயோ பிடித்த வீட்டில் கழிப்புக் கழிப்பார்கள். மந்திரிப்பவர் எல்லாப் பீடையையும் எலுமிச்சைத் தேசிக்காயிலும் பூசணியிலும் இறக்கி, குங்குமம் பூசி, கொண்டுபோய்ப் பாதையில் போடச் சொல்வார். அதை மிதிப்பவரைப் பீடை பிடித்துக்கொள்ளும். எவ்வளவு வீரனும் அதைக் கண்டால் சுற்றிப் போவான்.

புது ஊற்றுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையின் வாயில் அரைப் பூசணி, கரித்துண்டு, கறுப்பு நூல், குங்குமம் பூசிய தேசிக்காய்கள் போட்டோம். தேசிக்காய் லெச்சுமி அக்கா வீட்டு மரத்தில் காய்த்தது. மந்திரம் எதுவும் சொல்லவில்லை, தெரிந்தால்தானே. பூசணியில் மற்றப் பாதியை அன்று கறி வைத்தோம்.

ஒரு குருவிகூட அந்தப் பக்கம் போகவில்லை. கோயிலுக்கு வந்த சனம் எட்டி நின்று பார்த்துவிட்டு "சிவ சிவா" என்றது. தலைவர் தன் எருமைகளின் மேல் பீடை ஏறாதபடி மறுபக்கத்தால் சாய்த்தார். ஊற்று எங்களுக்கு மட்டும் ஊறியது.

ஒருத்தி மட்டும் குடிக்கமாட்டேன் என்றாள். யாருக்காகத் தோண்டினோமோ அவள்.

"அது பேய்த் தண்ணி. நான் பாத்தேன், அங்க கழிப்புக் கெடக்கு" என்று புஷ்பம் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. உதடு வெடித்திருந்தது. கிளாஸைக் கிட்டக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பினாள். கீழே பால் ஊற்று, மேலே பேய் ஊற்று, நடுவில் என் பிள்ளை தாகத்தோடு கிடந்தாள்.

இடுப்பில் தூக்கிக்கொண்டு நேரே கழிப்புக்கே போனேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினாள். ஒரு தேசிக்காயை எடுத்தேன். குங்குமத்தைச் சேலையில் துடைத்தேன். வீட்டுக்கு வந்து கழுவி வெட்டி, அந்த ஊற்றுத் தண்ணீரில் பிழிந்து, சீனியும் ஒரு கல் உப்பும் போட்டு, அவள் பார்க்க முழுவதையும் குடித்தேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேய் வருதாம்மா?"

"இன்னும் வரல்ல. வந்தா அதுக்கும் ஒரு கிளாஸ் குடுப்போம்."

யோசித்தாள். பிறகு கையை நீட்டினாள்.

இதை எழுதப்போகிறேன் என்றதும், "நான் பயந்தத மட்டும் எழுதாதம்மா" என்றாள் புஷ்பம் நேற்று. இப்போது பேரப்பிள்ளை கண்டுவிட்டவள். எழுதிவிட்டேன்.

அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. வாடுவதற்கு முன்னால் பாதைத் தேசிக்காய்களை மாற்றுவோம். பழையதை வீணாக்க மனம் வராது. கழுவிக் கரைத்துக் குடித்துவிடுவோம்.

தலைவரின் தொண்டை

ஒருநாள் பழையபடி ஜீப் வந்தது. சங்கம் தண்ணீரை எப்படிக் காக்கிறது என்று பார்க்க வந்தாராம்.

தலைவர் கோயிலைச் சுற்றிக் காட்டினார். கண்ணாடி ஐயா ஊற்றருகில் குனிந்தார், மூக்கைச் சுளித்தார், நிமிர்ந்தார்.

"இதையோ குடிக்கிறனீங்கள்? குடிக்கிற தண்ணி எங்க?"

தலைவருக்கு வேர்த்தது. அப்போதுதான் சங்கத்தில் பெண் பிரதிநிதி என்று ஒருத்தி இருந்தது அவருக்கு நினைவு வந்தது. ஐயாவை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

"பிள்ளை, ஐயாவுக்குக் குடிக்க என்னவும் குடு."

நல்ல வெயில். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். புஷ்பம்தான் தேசிக்காய்த் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஐயா ஒரே மூச்சில் குடித்தார். தலைவர் ஒரு கிளாஸ் குடித்து, இரண்டாவதையும் வாங்கி வாயில் வைத்தார்.

"அருமையான தண்ணி! எங்க எடுக்கிறனீங்கள்?" என்றார் ஐயா.

நான் கதவுக்குப் பின்னாலிருந்து தலையை ஆட்டினேன், சொல்லாதே என்று. புஷ்பம் என்னைப் பார்க்கவில்லை.

"மேல ஊத்துல. கழிப்புக் கெடக்குல்ல, அந்தப் பாதையால போனா வரும்."

"தேசிக்காயும் நல்ல வாசம்."

"அதுவும் அங்கதான் எடுத்தது. கழிப்புல இருந்து."

தலைவரின் தொண்டைக் குமிழ் அப்படியே நின்றது. ஐயாவுக்கு முன்னால் துப்பவும் முடியாது, பீடைக்கு முன்னால் விழுங்கவும் முடியாது. கன்னம் இரண்டும் உப்பியபடி கொஞ்ச நேரம் இருந்தார். கடைசியில் விழுங்கினார். ஐயா பக்கத்தில் இருந்தார், பேய் தூரத்தில் இருந்தது.

"எனக்கு இன்னொரு கிளாஸ், தங்கச்சி" என்றார் ஐயா சிரித்துக்கொண்டு. "நல்லாய்த்தான் பாதுகாக்கிறீங்கள்." தலைவரும் ஓம் என்று தலையாட்டினார். வாய் திறக்க அவருக்குப் பயமாக இருந்திருக்கும்.

அவர்கள் போனதும் லெச்சுமி அக்கா வீட்டுக்கு ஓடினேன். இனி ஊருக்கே தெரியும். கழிப்பு பொய் என்று தெரிந்தால் எருமைகள் மேலே ஏறிவிடும். அடுத்த முறை புஷ்பம் தாங்கமாட்டாள்.

"சொல்ல மாட்டாருடி" என்றார் லெச்சுமி அக்கா. "சொன்னா, தான் குடிச்சதையும்ல சொல்லணும்?"

அவருக்கு நம்பிக்கை. எனக்கு இல்லை.

மறுநாள் காலையில் படலை திறந்தது. தலைவரின் மனைவி இடுப்பில் குடத்தோடு நின்றார். எங்கள் வளவுக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"பிள்ளை, ஒரு குடம் தருவியளே? பேரனுக்கு ரெண்டு நாளாய் வயித்தாலை போகுது."

நான் என் குடத்தைச் சரித்து அவர் குடத்தை நிறைத்தேன். வாங்கிக்கொண்டவர் போகவில்லை. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டு, மடியிலிருந்து இரண்டு தேசிக்காய்களை எடுத்து என் கையில் வைத்தார்.

"பாதையில கிடக்கிறது வாடிப்போச்சாம். புதுசு போடட்டாம், இவர் தந்துவிட்டவர்."

குங்குமமும் தலைவரே பூசிவிட்டிருந்தார். எங்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே.